பெர்த்துக்கு முதன்முறை வருகிறவர்களுக்கு: வெயிலையும் காற்றையும் பார்த்து நாளை வகுத்துக்கொள்ளுங்கள்

சென்னையில் வளர்ந்த எனக்குச் சூரியன் கடலிலிருந்து எழுவதுதான் பழக்கம். பெர்த்தில் அது கடலுக்குள் இறங்குகிறது. கன்னியாகுமரியை நனைக்கும் அதே இந்தியப் பெருங்கடல்தான். ஆனால் நாம் நிற்பது அதன் மறுகரையில், ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில்.

இரண்டு விஷயங்கள் மனதில் பதிந்துவிட்டால் இந்த ஊரில் மற்றதெல்லாம் எளிது. ஒன்று வெயில். ஆண்டுக்குச் சுமார் 3,200 மணி நேரம் இங்கே சூரியன் காய்கிறது. ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரங்களில் இதற்கே முதலிடம். இன்னொன்று தூரம். அருகிலுள்ள பெருநகரமான அடிலெய்டுக்குச் சாலை வழியே சுமார் 2,700 கி.மீ. போக வேண்டும், சென்னையிலிருந்து டெல்லிக்குப் போவதைவிட அதிகம். சிட்னியைவிட ஜகார்த்தா பக்கத்தில் இருக்கிறது.

"அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். விசாரித்தால், உச்சி வெயிலில் கடற்கரைக்குப் போயிருப்பார்கள், அல்லது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கார் ஓட்டியிருப்பார்கள். ஊரின் போக்கை அறிந்து அதன்படி நடந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆண்டுதோறும் ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நான் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

இங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடுங்கோடை. சில நாட்கள் 40 டிகிரியைத் தாண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும். கடலில் இறங்க ஆசை என்றால் மார்ச், ஏப்ரல் மாதங்களைத்தான் பரிந்துரைப்பேன். காற்று அடங்கியிருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் தங்கியிருக்கும். பூக்களைப் பார்க்க ஆசை என்றால் செப்டம்பர், அக்டோபர். மேற்கு ஆஸ்திரேலியாவில் 12,000க்கும் மேற்பட்ட காட்டுப்பூ வகைகள் உண்டு. அவற்றில் பலவற்றை நகரின் நடுவிலுள்ள கிங்ஸ் பார்க்கிலேயே பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் வருகிறவர்கள் அதிகம். அது நல்ல மாதம்தான். பகலில் 22 டிகிரி இருக்கும், மாலையில் மட்டும் ஸ்வெட்டர் வேண்டும்.

இந்த மண்ணுக்கு உரியவர்கள் நூங்கார் மக்கள். பெர்த்துக்கு அவர்கள் மொழியில் பூர்லூ என்று பெயர். அவர்கள் ஆண்டை நான்காகப் பிரிப்பதில்லை. பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங் என்று ஆறு பருவங்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளை வைத்திருக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அச்சிட்ட நாட்காட்டியின் நான்கு பருவங்களைவிட இந்த ஆறும் இங்குள்ள வானிலைக்குச் சரியாகப் பொருந்துவதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

விமான நிலையத்தில்: பெட்டியில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறுவார்கள். சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். சிங்கப்பூர், மலேசியாவில் ஓடும் அதே நேரம்தான் இங்கேயும். இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம் இந்த மாநிலத்தில் இல்லை. நான்கு முறை மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள்; நான்கு முறையும், கடைசியாக 2009இல், மக்கள் வேண்டாம் என்றார்கள்.

இறங்கும்முன் தரப்படும் பயணிகள் அட்டையில் உணவு, விதை, மரப்பொருள் எதையாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்டிருக்கும். இதில் தயங்கவே வேண்டாம். சந்தேகம் இருக்கும் எதற்கும் 'ஆம்' என்று குறியிடுங்கள். என் அத்தை வந்தபோது ஒரு பொட்டலம் கறிவேப்பிலை, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் அட்டையில் குறிப்பிட்டிருந்ததால் அதிகாரி மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, பொடி டப்பாவை மூடி அவரே பெட்டிக்குள் திரும்ப வைத்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டிருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். விசா ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

சிட்னி, மெல்போர்ன் வழியாக வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்நாட்டு விமானமாக இருந்தாலும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தனித் தடுப்பு விதிகள் உண்டு. தோலுரிக்காத ஆரஞ்சுப் பழம் ஒன்றுகூடக் கையில் இருக்கக் கூடாது, தேன் பாட்டிலும் கூடாது. குயின்ஸ்லாந்துப் பழ ஈயும் தேனீ நோயும் இந்த மாநிலத்துக்குள் நுழையாமல் காப்பதற்காக வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. பாலைவனமும் தூரமும் வேலியாக இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

வெளியே வந்ததும் டாக்ஸி வரிசையில் நிற்காதீர்கள். 2022 அக்டோபரில் திறந்த 'ஏர்போர்ட் சென்ட்ரல்' ரயில் நிலையம் பன்னாட்டு முனையத்தோடு நடைபாலத்தால் இணைந்திருக்கிறது. நகரின் நடுவுக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம்.

தங்குவதும் நகர்வதும்

ரயில் பாதையை ஒட்டித் தங்குங்கள். கார் இல்லாதவர்கள் வாடகை குறைவு என்று தொலைவிலுள்ள புறநகரில் அறை எடுத்தால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஊர் கடலோரமாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நகர மையம் அல்லது துறைமுகப் பகுதியான ஃப்ரீமாண்டில். நார்த்பிரிட்ஜ் சாப்பிடுவதற்கு அருமையான இடம், ஆனால் வார இறுதியில் இரவு முழுக்க இரைச்சல்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 'ஸ்மார்ட்ரைடர்' அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை கருவியில் தொட வேண்டும். இறங்கும்போது மறந்தால் கூடுதல் கட்டணம் பிடித்துவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது மறக்கிறார்கள். இந்த அட்டை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் இலவசம். நகர மையத்தைச் சுற்றிவரும் 'கேட்' பஸ்களுக்கு அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

பெர்த்தின் கோடைக் காலை, கிழக்கே பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட காற்றோடு தொடங்குகிறது. அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், கடல் அலையடங்கிக் கண்ணாடிபோல் கிடக்கும். கடற்கரைக்குப் போக வேண்டிய நேரம் அதுதான்: காலை ஆறு முதல் ஒன்பது வரை. டிசம்பரில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஆகவே ஆறு மணி சீக்கிரம் என்று நினைக்காதீர்கள். இங்குள்ளவர்கள் வேலைக்குப் போகும்முன் நீந்திவிட்டு, தலை காயாமல் காபிக் கடையில் நிற்பதைப் பார்க்கலாம்.

முதல் கடற்கரை காட்டஸ்லோவாக இருக்கட்டும். ஃப்ரீமாண்டில் ரயிலில் ஏறி காட்டஸ்லோ நிலையத்தில் இறங்கி, மேற்கே பதினைந்து நிமிடம் நடந்தால் போதும். நார்ஃபோக் பைன் மரங்கள் நிற்கும் புல் சரிவு, அதன் கீழே வெள்ளை மணல். தண்ணீரில் இறங்கும்முன் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளைத் தேடுங்கள். உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும் இடம் அந்த இரண்டுக்கும் இடையில்தான். மெரினாவில் கால் நனைத்தே பழகிய நமக்கு இது முக்கியம், ஏனென்றால் நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி முட்டிமோதாதீர்கள், களைத்துப்போவீர்கள். மிதந்தபடி ஒரு கையைத் தூக்கி அசையுங்கள். அபாயச் சங்கு ஒலித்தால் சுறா தென்பட்டிருக்கிறது என்று பொருள். பதறாமல் வெளியே வந்துவிடுங்கள்.

பத்து மணிக்குமேல் கடற்கரையை விட்டுவிடுங்கள். சென்னை வெயிலைப் பார்த்த எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நானும் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு வெயில். சென்னையில் வியர்த்துக் கொட்டும். உடம்பே எச்சரித்து நிழலுக்குத் தள்ளும். இங்கே காற்று வறண்டிருப்பதால் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். நன்றாக இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்போம், மாலையில் கழுத்தும் மூக்கும் எரியும். கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம்; 3ஐத் தொட்டாலே தோலை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். 50 என்று குறித்த சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தடவுங்கள், குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

நண்பகலைக் கூரைக்குக் கீழே கழித்துவிடுங்கள். 2020இல் திறந்த பூலா பார்டிப் அருங்காட்சியகத்தில் தலைக்குமேல் தொங்கும் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துக் குழந்தைகள் நகர மாட்டார்கள். 1899 முதல் இயங்கும் பெர்த் மின்ட் நாணயச் சாலையில் தங்கத்தை உருக்கி வார்ப்பதைக் கண்ணெதிரே காட்டுகிறார்கள். ஒரு டன் எடையுள்ள தங்க நாணயமும் அங்கே இருக்கிறது. ஃப்ரீமாண்டிலில் கைதிகளே கட்டி 1991 வரை இயங்கிய சிறைச்சாலை, இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம். கனத்த சுண்ணாம்புக்கல் சுவர்களுக்குள் நண்பகலிலும் குளுமை இருக்கும். ஃப்ரீமாண்டில் ரயிலில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கடைசி நிலையங்களுக்கு முன்னால் கடல் தெரியும், பிறகு ஆற்றுப் பாலமும் துறைமுகமும்.

இனி மூன்றாம் பகுதி. பிற்பகலில் தென்மேற்கிலிருந்து கடல்காற்று கிளம்பும். அதற்கு 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்று பெயர். வெந்து கிடக்கும் ஊருக்கு மருத்துவராக வருவதால் அப்படி அழைக்கிறார்கள். ஒரு பிப்ரவரி நாளில் அது வரும் கணத்தைக் காட்டஸ்லோப் புல்சரிவில் உட்கார்ந்து பார்த்தேன். கொடி, கடலை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று துவண்டு கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. சில நிமிடம் ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு அதே கொடி எங்கள் பக்கம் திரும்பிப் படபடத்தது. கடலின் நிறம் கருநீலமாகி வெள்ளை நுரை முளைத்தது. பக்கத்தில் இருந்தவரின் துண்டு பறந்தது. அடுத்த அரைமணி நேரத்தில் மூச்சு விடுவதே சுகமாகிவிட்டது.

இந்தக் காற்று வந்த பிறகு நீந்துவதைவிட நடப்பதே நல்லது. ஆகவே மாலைக்குக் கிங்ஸ் பார்க். நகரை ஒட்டிய மேட்டில் 400 ஹெக்டேர் பரந்த பூங்கா. பெரும்பகுதி இயற்கைக் காடு, நுழைவு இலவசம். ஆற்றோரச் சாலையிலிருந்து 242 படிகள் கொண்ட ஜேக்கப்ஸ் லேடர் வழியாகவும் மேட்டுக்கு ஏறலாம், பழநி ஏறியவர்களுக்கு அது பொருட்டில்லை. மேலிருந்து பார்த்தால் ஸ்வான் ஆறு ஏரிபோல் அகன்று கிடக்கும். அந்தப் பெயருக்குக் காரணமான கருப்பு அன்னங்களை ஆற்றின் கரையிலேயே பார்க்கலாம். வெள்ளை அன்னத்தையே பாடிப் பழகிய நமக்கு அது ஒரு வியப்பு.

பூங்காவுக்குள் பருத்த அடிமரத்தோடு நிற்கும் போவாப் மரத்தைத் தவறவிடாதீர்கள். அதற்கு கிஜா ஜுமுலு என்று பெயர். 2008இல் வடக்கே வார்முன் பகுதியில் சாலைப் பணிக்காக அகற்ற வேண்டியிருந்ததால், 36 டன் மரத்தை லாரியில் ஏற்றி 3,200 கி.மீ. கொண்டுவந்து இங்கே நட்டார்கள். அத்தனை தூரம் வந்தும் மரம் மாநில எல்லையைத் தாண்டவில்லை. மேற்கு ஆஸ்திரேலியா ஏறத்தாழ இந்தியாவில் முக்கால் பங்கு பரப்பு. மக்கள்தொகை சுமார் 30 லட்சம்தான், அதிலும் பெரும்பாலோர் பெர்த்தில். இந்த ஊரின் தனிமையைப் புரிந்துகொள்ள வரைபடத்தைவிட அந்த மரம் எனக்கு உதவியது.

இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். 1962 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் விண்கலத்தில் பூமியைச் சுற்றியபோது, அவர் பார்க்கட்டும் என்று பெர்த் மக்கள் வீட்டு விளக்குகளையும் தெருவிளக்குகளையும் எரியவிட்டார்கள். அவரும் அந்த வெளிச்சத்தைக் கண்டு நன்றி சொன்னார். கீழே ஆற்றில் விளக்குகள் தெரியும்போது அந்த இரவு நினைவுக்கு வரும்.

ராட்னெஸ்ட் தீவுக்கு ஒரு முழு நாள்

இந்தத் தீவு ஃப்ரீமாண்டிலுக்கு எதிரே 19 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஃப்ரீமாண்டிலிலிருந்து படகில் அரைமணி நேரம். நகர மையத்திலிருந்தும் படகு உண்டு, ஆனால் ஆறு முழுக்கக் கடந்து போவதால் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை முதல் படகில் போங்கள். தீவில் பயணிகளின் கார்களுக்கு இடமில்லை, சைக்கிள்தான். டிக்கெட்டோடு சைக்கிளையும் பதிவு செய்யலாம். ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஓட்டாதவர்களுக்குத் தீவைச் சுற்றிவரும் பஸ் இருக்கிறது.

க்வாக்கா என்ற சின்னஞ்சிறு விலங்கு, கங்காருவின் உறவு, காலடிக்கே வந்து நிற்கும். 1696இல் வந்த டச்சு மாலுமி வில்லெம் டி வ்ளாமிங் அதைப் பெரிய எலி என்று நினைத்ததால்தான் தீவுக்கு 'எலிக்கூடு' என்ற பொருளில் அந்தப் பெயர். அதைத் தொடுவதும் அதற்குத் தீனி கொடுப்பதும் குற்றம். பிஸ்கட் கேட்பதுபோல் பார்க்கும், இரங்காதீர்கள். நம் உணவு அதற்கு நோய்.

நூங்கார் மக்கள் இத்தீவை வாஜெமப் என்கிறார்கள். 1838 முதல் நூறாண்டுக்கு நெருக்கமாக ஆயிரக்கணக்கான பழங்குடி ஆண்களும் சிறுவர்களும் இங்கே கைதிகளாக அடைக்கப்பட்டார்கள். இறந்த 370க்கும் மேற்பட்டோர் பெயர்ப்பலகை இல்லாமல் குடியிருப்பின் அருகிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த இடம் இன்று வேலியிட்டுக் காக்கப்படுகிறது. நீந்தவும் படம் எடுக்கவும் வந்த நாளில் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

சைக்கிளை நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். டாக்டர் வந்துவிட்டால் எதிர்காற்றில் மிதிப்பது பெரும்பாடு. திரும்பும் படகும் ஆடும். வாந்தி வரும் உடம்பு என்றால் பின்பக்கம் உட்காருங்கள்.

கடை, சாப்பாடு, கோயில்

பெரிய கடைகள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். ஞாயிறன்று பதினொன்றிலிருந்து ஐந்து வரைதான். வார நாட்களிலேயே சாமான் வாங்கிவிடுங்கள். நம்மூர் மளிகைக்குத் தெற்கே கேனிங் வேல் பக்கம் போக வேண்டும். மேண்டோகாலப்பில் பாலமுருகன் கோயில் இருக்கிறது. அதற்குக் கார் வேண்டும். மின்சாதனங்களுக்கு நம் பிளக் பொருந்தாது, மாற்றி ஒன்று கொண்டு வாருங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 000.

ஊரை விட்டு வெளியே போகும் நாள்

அந்த நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான், ஆங்கிலத்தில் அச்சிட்ட உரிமம் கையில் இருக்க வேண்டும். பெட்ரோல் போடும்முன் அரசின் 'ஃப்யூவல்வாட்ச்' தளத்தைப் பாருங்கள். நாளைய விலையை இன்று பிற்பகலே வெளியிடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு வைத்த விலையை 24 மணி நேரத்துக்குப் பெட்ரோல் பங்க்குகள் மாற்ற முடியாது. ஆகவே நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று தெரிந்துகொண்டே போடலாம்.

தெற்கே திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போன மார்கரெட் ரிவர், காரில் மூன்று மணி நேரம். அங்கே இரவு தங்காமல் திரும்புவது வீண் அலைச்சல். அலைபோல் வளைந்த பாறையான வேவ் ராக் 340 கி.மீ. தள்ளி இருக்கிறது; அந்த ஒரு பாறைக்காகப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும், முதல் வருகையில் விட்டுவிடலாம். என் தேர்வு வடக்கே 200 கி.மீ. தொலைவிலுள்ள பினக்கிள்ஸ். மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் தூண்கள். சில ஆள் உயரம், சில அதைவிட இரு மடங்கு. அவற்றுக்கு நடுவே சாதாரணக் காரிலேயே சுற்றி வரலாம். வாகனத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் விட்டுப்போகும், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

அந்தத் தூண்கள் அழகாகத் தெரிவது சூரியன் சாயும்போதுதான். ஒவ்வொன்றின் நிழலும் அடுத்ததன் காலடி வரை நீளும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு இருட்டில் பெர்த்துக்கு வண்டி ஓட்டாதீர்கள். அந்தி நேரத்தில்தான் கங்காருக்கள் சாலைக்கு வருகின்றன. ஒன்று பாய்ந்தால் பிரேக் போட நேரம் இருக்காது. பக்கத்திலேயே செர்வான்டிஸ் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே முன்னதாகவே அறை பதிவு செய்து, இரவு தங்கி, நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள்.